மலையிலும் காற்றுக்குத் திட்டம் வேண்டுமா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு பகுதி சபாக் கூட்டத்தில் (கிராம சபா மாதிரி நகரத்து மக்கள் கூடுவது) குப்பை எரிப்பதைப் பற்றிப் பேசினேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் காற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஆளுக்கு ஒரு பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரை மனதில் வைத்து எழுதியது. கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. நம்ம ஊர் காத்துக்கு என்னங்க குறை? அதுக்காகத்தானே எல்லாரும் இங்க வர்றாங்க?

சராசரியாகப் பார்த்தால் நம்முடையது நல்ல காற்றுதான். ஆனால் சராசரி பலவற்றை மறைத்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் இருபது மணி நேரம் நுண்துகள் (காற்றில் மிதக்கும் மிகச் சின்னத் துகள், விவரம் அடுத்த இரண்டு கேள்விகளில்) அளவு 15, மாலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் 150 என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 37.5 வரும். நம் நாட்டில் ஒரு நாளைக்கான வரம்பு 60. ஆகவே அந்த நாள் வரம்புக்குள் இருந்த நாளாகத்தான் பதிவாகும். அந்த நாலு மணி நேரமும் அங்கே உட்கார்ந்து பூக்கட்டி விற்ற அம்மா சுவாசித்தது 150 உள்ள காற்றை.

மலை ஊர்களின் சிக்கல் இப்படிப்பட்டது. சில மாதங்கள், சில மணி நேரங்கள், சில தெருக்கள். வருடம் முழுவதும் இல்லாததால் யாரும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. முழுக்கக் கெட்ட பிறகு சரிசெய்ய டெல்லி எவ்வளவு பாடுபடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நன்றாக இருக்கும்போதே திட்டம் போட்டால் செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

2. பிஎம் ரெண்டரை, பிஎம் பத்துன்னு சொல்றாங்களே, அது தூசிதானே?

தூசியும் உண்டு, புகையும் உண்டு. அந்த எண் துகளின் அளவைச் சொல்கிறது, மைக்ரான் கணக்கில். நம் தலைமுடி ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் தடிமன். 10 மைக்ரானும் அதற்குக் கீழும் இருப்பவை பிஎம் 10. சாலை மண், கட்டட வேலைத் தூசி, பிரேக்கும் டயரும் தேய்ந்து வரும் பொடி எல்லாம் இதில் அதிகம். பிஎம் 2.5 பெரும்பாலும் எதையாவது எரிப்பதிலிருந்து வருகிறது: விறகு, டீசல், குப்பை, காய்ந்த இலை.

பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்துவிடும். பிஎம் 2.5 நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். அதிலும் மிகச் சின்னவை இரத்தத்தில் கலக்கும். இருமல், ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை அதற்குத் தொடர்பு உண்டு. இனிமேல் இந்தப் பக்கத்தில் நுண்துகள் என்று சொன்னால் பிஎம் 2.5 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

2009இல் அறிவித்த தேசியத் தர அளவுகளின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்குள், நாள் சராசரி 60க்குள் இருக்க வேண்டும். பிஎம் 10க்கு ஆண்டுக்கு 60, நாளுக்கு 100. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அளவுகளை இன்னும் இறுக்கியது. நுண்துகளுக்கு அது சொல்வது ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. இரண்டுக்கும் எட்டு மடங்கு, நாலு மடங்கு வித்தியாசம். நம் நாட்டு வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி சரி. உடம்புக்கும் முழுக்கச் சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சூழல் நுட்பமான பகுதி என்று மத்திய அரசு அறிவித்த இடங்களுக்குத் தனி அளவு இருக்கிறதே என்று ஒரு ஆசிரியர் கேட்டார். இருக்கிறது. ஆனால் அங்கேயும் கந்தக டை ஆக்சைடுக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும்தான் ஆண்டு வரம்பு குறைவு (20, 30). துகளுக்கு எல்லா ஊருக்கும் ஒரே வரம்பு. தொழிற்பேட்டைக்கும் சோலைக்காட்டுக்கும் ஒரே அளவு என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

4. என் போன்ல ஒரு ஆப் 100ன்னு காட்டுது, பையன் போன்ல 58ன்னு காட்டுது. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லாமல் இருக்கலாம். காற்றுத் தரக் குறியீடு என்பது அளந்த அளவை 0 முதல் 500 வரையான ஒரு எண்ணாக மாற்றிச் சொல்வது. அமெரிக்காவுக்கு ஒரு மாற்று அட்டவணை, இந்தியாவுக்கு ஒன்று. நுண்துகள் 35 இருந்தால் அமெரிக்கக் கணக்கில் 100ஐத் தொடும், நம் கணக்கில் 58தான் வரும். எந்த நாட்டுக் கணக்கு என்று ஆப்பின் உள்ளே போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல ஆப்கள் நம் ஊருக்குக் காட்டும் எண், இங்கே யாரும் அளந்த எண் இல்லை. செயற்கைக்கோள் படத்தையும் வானிலைக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. மேகம் மூடிக் கிடக்கும் நாளில் செயற்கைக்கோளுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு என்று இருக்கும் மலையில் அந்த மதிப்பீடு இன்னும் தடுமாறும். எண்ணுக்குப் பக்கத்தில் நிலையத்தின் பெயர் இருந்தால் மட்டும் அதை அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஊட்டியிலதான் மெஷின் வெச்சிருக்காங்களே, அது போதாதா?

ஊட்டி பாம்பே கேசில் பகுதியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. இது நல்ல விஷயம். முன்பெல்லாம் நாட்டின் பல ஊர்களில் கையால் அளக்கும் முறைதான். வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 அளவுகள். தொடர் நிலையம் மணிக்கு மணி சொல்லும். முதல் கேள்வியில் சொன்ன நாலு மணி நேரக் கதை இப்படிப்பட்ட நிலையத்தில்தான் வெளியே வரும், அதுவும் நாள் சராசரியோடு நிறுத்தாமல் மணி வாரியான பட்டியலைப் பார்த்தால்.

ஆனால் ஒரு நிலையம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் சொல்லும். ஊட்டியின் எண்ணை வைத்துக் குன்னூர் பெட்போர்டையோ கூடலூர் பஸ் ஸ்டாண்டையோ கணிக்க முடியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கூடலூர் அதில் பாதிக்கும் குறைவு. காற்று, மழை, வண்டி எல்லாமே வேறு. கோடிக்கணக்கில் செலவாகும் பெரிய நிலையம் எல்லா ஊருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீசனில் இரண்டு மாதம், உறைபனிக் காலத்தில் இரண்டு மாதம் ஒரு நடமாடும் நிலையத்தை ஒவ்வொரு ஊராகக் கொண்டுவந்து நிறுத்தினாலே திட்டம் போடத் தேவையான அளவுக்குத் தெரிந்துவிடும்.

6. ஆன்லைன்ல சின்ன மெஷின் கிடைக்குதே. நாங்களே வாங்கி மாட்டினா?

மாட்டலாம். ஆனால் நம் ஊரில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. அந்தச் சின்னக் கருவிகள் ஒளியைப் பாய்ச்சி, துகள் மேல் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அளக்கின்றன. பனிமூட்டத்தின் நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். துகள்களும் ஈரத்தை உறிஞ்சி உப்பிப்போகும். சுத்தமான பனிமூட்டத்தில் அது 150, 200 என்று காட்டி உங்களை மிரட்டிவிடும். வாரியத்தின் நிலையங்களில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் அளக்கிறார்கள்.

ஆகவே ஈரப்பதமும் காட்டும் கருவியாக வாங்குங்கள். பனி மூடிய நேர அளவுகளைத் தனியாக ஒதுக்குங்கள். முடிந்தால் சில வாரம் வாரியத்தின் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அப்புறம் அதன் எண்ணை நம்பாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்புங்கள். காலை ஆறரைக்குத் தினமும் ஏறுகிறது என்றால் ஆறரைக்கு என்ன எரிகிறது என்று தேடலாம். அதிகாரியிடம் கொண்டுபோகும்போது அந்த நேரமும் இடமும்தான் எடுபடும்.

7. குளிர்காலத்துல ராத்திரி புகை மேலேயே போக மாட்டேங்குதே, ஏன்?

பகலில் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறும். புகையும் கூடவே போய்விடும். வானம் தெளிந்த டிசம்பர், ஜனவரி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. மேலே இளஞ்சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று. பாத்திரத்துக்கு மூடி போட்டது மாதிரி ஆகிவிடும். ஊட்டி காந்தல் பக்கத்தில் உறைபனி விழும் பள்ளங்கள் எவையோ அவைதான் புகை தேங்கும் பள்ளங்களும். 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டமும் இப்படி மேலே சூடு, கீழே குளிர் என்று காற்று நின்றுபோன நாட்களில் நடந்ததுதான். அதற்குப் பிறகுதான் அங்கே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

திட்டமிடுபவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேட்டில் எரிக்கும் விறகும், இரவு எட்டு மணிக்குப் பள்ளத்தில் எரிக்கும் அதே விறகும் ஒன்று இல்லை. எவ்வளவு புகை என்று கேட்பதோடு எங்கே, எப்போது என்றும் கேட்டால்தான் மலை ஊருக்குத் திட்டம் போட முடியும். சமவெளி நகரத்தின் திட்டத்தை அப்படியே நகல் எடுத்தால் இது விட்டுப்போகும்.

8. மாசு எல்லாம் டூரிஸ்ட் வண்டியாலதானே?

வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் கீழ் கியரில் ஏறும்போது எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பழைய டீசல் இன்ஜின் அங்கே சரியாக எரிக்காமல் கரும்புகை தள்ளும். இறங்கும்போது பிரேக் பொடி. ஊருக்குள் வந்தபின் பார்க்கிங் தேடி ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிகள்தான் இன்னும் மோசம்.

ஆனால் எல்லாப் பழியையும் வெளியூர் நம்பர் பிளேட் மேல் போட்டால் நமக்கே நஷ்டம். விடிகாலையில் எந்த வார்டிலும் நடந்து பாருங்கள். சாக்கடை ஓரம் கூட்டிக் குவித்த யூகலிப்டஸ் இலை, நடுவில் பால் கவர், டீக்கடைக் காகிதக் கோப்பை, பிஸ்கட் உறை. அடியிலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை. இலை ஈரமாக இருப்பதால் தீயே தெரியாது. மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கும் ஈர இலையும் சேர்ந்து புகைவது, ஓடும் ஒரு காரைவிட அந்தத் தெருவுக்கு அதிகக் கெடுதல். இதோடு ஓட்டல்களின் விறகடுப்பு, மின்வெட்டு நேர ஜெனரேட்டர், தேயிலைத் தொழிற்சாலைகள், வீட்டு விறகு, கோடையில் காட்டுத்தீ. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். அது இல்லாமல் போடும் திட்டம் குருட்டாம்போக்குதான்.

9. இ-பாஸ் வந்துருச்சே. அப்ப சரியாயிடும்ல?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸ் (ஆன்லைன் நுழைவு அனுமதி) வந்தது. சீசனில் நீலகிரிக்கு நாளுக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருவதாக நீதிமன்றத்தில் அப்போது கணக்கு வைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆய்வு செய்யச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இதில் முழு ஆதரவு உண்டு. ஆனாலும் இ-பாஸ் எண்ணுவது வண்டிகளை, காற்றை இல்லை. பத்து வருடப் பழைய டீசல் வேனும் புது மின்சாரக் காரும் அதில் ஒரே ஒரு வண்டிதான். உள்ளே வந்த வண்டி ஒரே இடத்தில் நின்றதா, நாள் முழுக்கச் சுற்றியதா என்பதும் அதில் தெரியாது. காற்றுக்கு உதவ வேண்டுமென்றால் பாஸோடு பார்க்கிங் இடமும் பதிவாக வேண்டும். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பேருந்தில் போகும் ஏற்பாடும் வேண்டும். மகாராஷ்டிரத்தில் மாத்தேரான் மலையில் மோட்டார் வண்டிகளையே உள்ளே விடுவதில்லை. நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் ஊட்டி கமர்ஷியல் சாலையை வார இறுதி மாலைகளில் நடப்பவர்களுக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம்.

10. மொத்தத்துல யாருங்க பொறுப்பு? நகராட்சியா, வாரியமா, கலெக்டரா?

முக்கியமான கேள்வி இதுதான். 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, காற்று மாசைத் தடுக்க விரிவான திட்டம் போடுவதை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமையாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தை நிறைவேற்றத் தேவையான கைகள் வாரியத்திடம் இல்லை. குப்பை, பார்க்கிங், கட்டட அனுமதி, கடை உரிமம் நகராட்சியிடம். வண்டிப் புகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடம். நெரிசல் காவல்துறையிடம். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ். காட்டுத்தீ வனத்துறையிடம். இ-பாஸ் மாவட்ட நிர்வாகத்திடம். தொழிற்சாலைக்கு இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) கொடுப்பது மட்டும்தான் வாரியத்தின் நேரடிக் கை.

இதனால் நடப்பது என்ன? அளப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் பத்துப் பேர். ஒரு பள்ளத்தில் ஐம்பது அறை விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போது குடிநீர் பார்க்கிறார்கள், சரிவு பார்க்கிறார்கள். அந்த விடுதிக்கு வரும் வண்டிகளும் அதன் ஜெனரேட்டரும் அந்தப் பள்ளத்தின் காற்றை என்ன செய்யும் என்று கேட்க அந்த மேஜையில் யாருக்கும் கடமை இல்லை. என் கருத்து இது: கலெக்டர் தலைமையில் இத்தனை துறைகளும் மாதம் ஒருமுறை உட்கார வேண்டும். கூட்டக் குறிப்பைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு நகராட்சியிலும் காற்று இவர் பொறுப்பு என்று ஒரு அதிகாரியின் பதவியைக் குறித்து ஆணை போட வேண்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

11. மத்திய அரசோட தூய காற்றுத் திட்டத்துல நாம இருக்கோமா?

இல்லை. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சுமார் 130 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி போன்றவை. தொடர்ந்து ஐந்து வருடம் தேசிய வரம்பைத் தாண்டியது அல்லது பத்து லட்சம் மக்கள்தொகை என்று இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். நம் ஊர்கள் இரண்டிலும் வராது, வரவும் வேண்டாம். ஆனால் அந்த நகரங்கள் செய்ய வேண்டியிருக்கும் மூலக் கணக்கெடுப்பு (எதிலிருந்து எவ்வளவு மாசு என்ற கணக்கு), செயல்திட்டம், ஆண்டு மதிப்பீடு ஆகியவற்றைச் சின்ன அளவில் நாமே செய்துகொள்ள யாரும் தடை போடவில்லை.

12. நகராட்சியில சம்பளத்துக்கே இழுபறி. இதுக்கெல்லாம் காசு ஏது?

காசு இல்லை என்பதைச் சட்டம் சாக்காக ஏற்காது. 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சாக்கடையும் துர்நாற்றமும் பற்றிய வழக்கு அது. நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

தவிர, முதலில் செய்ய வேண்டியவற்றுக்கு அதிகச் செலவும் இல்லை. சருகைக் கொளுத்தாமல் உரக்குழிக்குக் கொண்டுபோக ஒரு வண்டியின் நடையை மாற்றினால் போதும். தூய்மைப் பணியாளர்கள் ஆசைப்பட்டுத் தீ வைப்பதில்லை. எட்டு மணிக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், அள்ளிப்போக வண்டி வராது என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அபராதத்தை அவர்கள் மேல் போடுவது அநியாயம். வண்டியை அனுப்பாத மேற்பார்வையைத்தான் கேட்க வேண்டும்.

13. பக்கத்துக் காலி மனையில தினமும் குப்பை எரிக்கறாங்க. எங்க போய்ச் சொல்றது?

முதலில் நகராட்சி ஆணையருக்கு எழுத்தில். திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நேரம் தெரியும்படி படம், இடம், எத்தனை நாளாக என்ற விவரம்.

பலன் இல்லையென்றால் கோட்டாட்சியர். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152ஆவது பிரிவு. மேலே சொன்ன ரத்லம் வழக்கு இந்தப் பிரிவில்தான் ஆரம்பித்தது. பலருக்கும் தெரியாத, வக்கீல் இல்லாமலேயே பயன்படுத்தக்கூடிய வழி இது.

14. பாக்டரி புகையைப் பத்திப் பேசினா சிறு விவசாயி வயித்துல அடிக்கற மாதிரி ஆகாதா?

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் திண்டாடும் குடும்பங்கள் என் சொந்தத்திலேயே இருக்கின்றன. தொழிற்சாலையை மூடு என்று யாரும் கேட்கவில்லை. தேயிலையை உலர்த்தும் சூடான காற்றுக்காக விறகு எரிக்கிறார்கள். மழைக்காலத்தில் நனைந்த விறகு போட்டால் தண்ணீரை ஆவியாக்கவே கணிசமான சூடு போய்விடும். புகை அதிகம், விறகுச் செலவும் அதிகம்.

விறகைப் பிளந்து கூரைக்குக் கீழ் உலர வைப்பது, உலையைச் சீர்செய்வது, புகைபோக்கியைப் போதிய உயரத்தில் வைப்பது, துகளைப் பிடிக்கும் கருவி போடுவது. இதில் முதல் இரண்டும் முதலாளிக்கே மிச்சம் தரும். வாரியம் வருடாவருடம் அபராதத்தோடு வருவதைவிட, குன்னூரில் இருக்கும் தேயிலை வாரிய அலுவலகத்தோடு சேர்ந்து விறகுக் கொட்டகைக்கு உதவி கொடுத்தால் சீக்கிரம் பலன் தெரியும். அதற்கும் மசியாத தொழிற்சாலை இருந்தால் இசைவாணை நிபந்தனை கையில் இருக்கிறது.

15. கீழேருந்து வர்ற புகைக்கும் காட்டுத்தீக்கும் நாம என்ன பண்ண முடியும்?

காற்றுக்கு நகராட்சி எல்லை தெரியாது. டெல்லிக்குப் பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து 2021இல் ஒரு சட்டப்படியான ஆணையம் அமைத்தது அதனால்தான். நமக்கு அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். நீலகிரி, கோவை, எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாடு, சாம்ராஜ்நகர் அதிகாரிகள் காட்டுத்தீக் காலத்துக்கு முன்னால் ஒருமுறை பேசிக்கொண்டாலே நல்லது. தீ பிடித்த பிறகு பள்ளி மைதானத்தில் விளையாட்டை நிறுத்துவதா, முதியவர்களுக்கு என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். தீ நம் கையில் இல்லாமல் போகலாம். அறிவிப்பு நம் கையில் இருக்கிறது.

16. அந்தக் காற்றுத் தரக் குறியீடு 'நன்று'ன்னு காட்டினா காத்துல வேற எதுவும் இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. குறியீட்டில் அதிகபட்சம் எட்டு மாசுகள், தேசியத் தர அளவுகளில் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் பாதரசம் கிடையாது. கொடைக்கானல் மக்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் பாதரச ஆவியைச் சுவாசித்து வேலை செய்தார்கள், சுற்றியுள்ள மரப்பாசிகளில் கூடப் பாதரசம் படிந்திருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு 2016இல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் வந்தது. அந்த நாட்களில் இந்தக் குறியீடு இருந்திருந்தாலும் 'நன்று' என்று காட்டியிருக்கக்கூடும். ஒரு தொழிற்சாலை என்ன பொருளைக் கையாளுகிறது என்று கேட்டு, அதைத் தனியாக அளக்கச் சொல்லும் உரிமையை ஒரு பச்சை நிற எண்ணுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

17. வீட்டுக்குள்ள கரி போட்டுக் குளிர் காயறோம். அது இந்தக் கணக்குல வருமா?

அரசுக் கணக்கில் வராது, உயிர்க் கணக்கில் வரும். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பை, பார்பிக்யூ சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும். விடுதி உரிமம் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக நகராட்சி சேர்க்கலாம்.

18. மின்சார வண்டி வந்தா எல்லாம் தீர்ந்துடும்ல?

புகை குறையும், நல்லது. டயரும் சாலையும் தேய்ந்து வரும் தூசி இருக்கும். இறங்கும்போது மோட்டாரே வேகத்தைத் தடுப்பதால் பிரேக் பொடி குறையும். நெரிசல் அப்படியேதான் இருக்கும். முதலில் ஊருக்குள் ஓடும் பேருந்துகள் மின்சாரத்துக்கு மாறுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலை ரயிலின் புகையைப் பற்றியும் கேட்கிறார்கள். நாளில் சில முறை ஓடும் ரயிலை விடுங்கள், நாள் முழுக்க ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்ப்போம்.

19. இப்படியெல்லாம் பேசினா 'ஊட்டியிலயும் மாசு'ன்னு பேராகி, வர்றவங்களும் வராம போயிட்டா?

விடுதி வைத்திருக்கும் நண்பர் கேட்டது இது. பிளாஸ்டிக் தடையை இந்த மாவட்டம் 2000 வாக்கில் கொண்டுவந்தபோதும் இதே பயம் இருந்தது. யாரும் வராமல் போகவில்லை. அளந்து வெளியிடும் ஊரைவிட, ஒன்றுமே சொல்லாமல் இருக்கும் ஊரைப் பற்றித்தான் இணையத்தில் கண்டபடி எழுதுவார்கள். நாலாவது கேள்வியில் பார்த்த மதிப்பீட்டு எண்களே அவர்களுக்குப் போதும். சொந்தமாக அளந்த எண்ணும், சீசனுக்கு ஒரு திட்டமும் இருந்தால் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

20. சரி, பகுதி சபாவுல எழுந்து என்னன்னு கேக்கறது?

பொதுவாக 'காற்றைச் சுத்தம் செய்யுங்கள்' என்று கேட்டால் ஆவன செய்யப்படும் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நகரத்தில் பகுதி சபா (2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன), ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) கிராமங்களிலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 நாட்களில் கிராம சபா. எங்கே போனாலும் ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். 'நம் வார்டில் காலை ஏழு மணிக்குள் சருகு அள்ள வண்டி வர வேண்டும்', 'டிசம்பர், ஜனவரியில் பள்ளிப் பக்கத்தில் கண்காணிப்பு வண்டி நிறுத்தும்படி வாரியத்துக்கு நகராட்சி கடிதம் எழுத வேண்டும்' என்பது மாதிரி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கோரிக்கை.

தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று அன்றைக்கே பார்த்துவிட்டு வாருங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கு அது இல்லாமல் முடியாது.